புரட்டாசியில் தேறிய பூனை

கிச்சு வாந்தி எடுக்காமல் இருந்ததுதான் எனக்கு முதலில் உறுத்தியது. விடிந்ததும் ஈரத்துணியோடு கட்டிலுக்கடியில் குனிவது பழகிப்போன வேலை. அன்று துடைக்க ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. மணல் தட்டில் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்ததும் கெட்டிப்பட்டுவிட்டது. வயதான பூனை, தைராய்டு வேறு. எனக்கும் தைராய்டுதான்; எனக்கு உடம்பு ஊதுகிறது, அது எவ்வளவு தின்றாலும் எலும்பும் தோலும்தான். அப்படிப்பட்டது திடீரென்று தேறினால் சந்தோஷப்படத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். நான் காரணம் தெரியாமல் சந்தோஷப்படுகிறவள் இல்லை.

திருநின்றவூர் கால்நடை டாக்டர் மிருதுளா முன்பே சொல்லியிருந்தாள். "மாத்திரை தைராய்டை அடக்கும் மாமி. வயிறு அடங்கணும்னா பாலையும் தயிரையும் நிறுத்துங்க. சிக்கனை உப்பில்லாம வேகவெச்சுக் குடுங்க. வெறும் சாதத்துல இது தாங்காது."

"எங்காத்துல அதெல்லாம் நுழையாது" என்றேன். என் கணவர் ராமானுஜம் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்கிறவர். பெருமாளுக்குச் சமைக்கிற கை. வீட்டில் இப்படி ஒன்று நடந்தது என்று வெளியே தெரிந்தால் மறுநாளே மடப்பள்ளி வாசலை மிதிக்க விடமாட்டார்கள். அன்று இவரும் கூட வந்திருந்தார். மடியில் கிச்சுவைத் தடவியபடி டாக்டர் வீட்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாலையும் தயிரையும் நிறுத்தினேன். மாத்திரையை நெய்யில் குழைத்து நாக்கில் தடவினேன். பருப்பு சாதம் பிசைந்து வைத்தேன். வாந்தி மட்டும் நிற்கவேயில்லை.

இப்போது நின்றிருக்கிறது. பருப்பு சாதத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தூக்கி வாயருகே முகர்ந்து பார்த்தேன். கடைத்தெருவில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடத்தின் வாசனை. யாரோ போடுகிறார்கள். மாடியில் குடியிருக்கும் அஸ்வினிதான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன். பழவேற்காட்டுக்காரர்கள், புருஷன் துலுக்காணத்துக்குத் தேர்வாய் கண்டிகை கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை. மீன் பிடிக்கிற குடும்பம் என்பதைத் தவிர வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

மாடியில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "கிச்சுவுக்கு நீ ஏதாவது போடறியா?" என்றேன்.

"இன்னா மாமி, இது புரட்டாசி. எங்க ஊட்ல மீன் சட்டியவே கழுவி மேல ஏத்திட்டோம். அவரு கம்பெனி கேன்டீன்ல முட்டைகூட வாணான்னு சொல்லிக்கினு கீறாரு." பிறகு கொடியைப் பார்த்தபடியே, "உங்க ஊட்டு சாரக் கேட்டுப் பாருங்க" என்றாள்.

நான் கேட்கவில்லை. கேட்டால் இவர் உஷாராகிவிடுவார். கவனித்தேன். மத்தியானம் கோயிலிலிருந்து வந்ததும் இவர் ஸ்கூட்டரைத் துடைக்க வேண்டும் என்று கொல்லைப்புற ஷெட்டுக்குப் போகிறார். வந்ததும் இன்னொரு முறை குளிக்கிறார். ஏன் மறுபடியும் குளியல் என்றதற்கு மட்டும் வியர்வை என்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பெண் ஹாஸ்டலில் வைத்திருந்த மின்சார கெட்டிலைப் பரணில் காணவில்லை. சிகரெட்டோ என்று நினைத்தேன். வேறு என்னென்னவோகூட நினைத்தேன், அதையெல்லாம் சொல்லிக்கொள்ள முடியாது.

சனிக்கிழமை அவர் பின்னாலேயே போனேன். மழையில் ஊறி உப்பிய ஷெட் கதவு சரியாகச் சாத்தவில்லை. இடுக்கில் கண் வைத்தேன். கெட்டிலிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. இவர் குந்தி உட்கார்ந்து, வெந்த வெள்ளைத் துண்டுகளை நார் நாராகப் பிய்த்துக்கொண்டிருந்தார். வாயையும் மூக்கையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டியிருந்தார். மடப்பள்ளியிலும் இப்படித்தான் கட்டிக்கொள்வார். பெருமாளுக்குப் படைக்கும் முன் தளிகையை யாரும் முகரக்கூடாது, மூச்சும் படக்கூடாது. கிச்சு வாலைச் சுற்றி வைத்துக்கொண்டு எதிரே காத்திருந்தது. இவர் ஊதி ஆற்றவில்லை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு விசிறியால் ஆற்றினார். "இருடா, சூடு" என்றார்.

நாற்றம் தாங்காமல் கட்டினாரா, கை தன் பழக்கத்தில் கட்டிவிட்டதா, எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கதவைத் தள்ளப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

அப்போது வாசலில் கேட் திறந்தது. ஓடினேன். இவரோடு மடப்பள்ளியில் இருக்கும் ஸ்ரீவிஷ்ணு. இவர் இடத்தின் மேல் அவனுக்கு ஒரு கண் என்பது என் வெகுநாள் சந்தேகம்.

"மாமி, ஸ்வாமி எங்கே? கோயில்ல கூட்டம் தாங்கலை, உடனே கூட்டிண்டு வரச் சொன்னா." அவன் மூக்கைச் சுளித்தது போலிருந்தது. "கொல்லையில இருக்காரா? நானே போய்க் கூப்பிடறேன்" என்று பக்கத்துச் சந்தில் கால் வைத்தான்.

"தீர்த்தமாடிண்டிருக்கார்" என்றேன். என் குரல் நானே நம்பும்படியாக இருந்தது. "உள்ளே வந்து உக்காரு. இதோ துண்டு குடுத்துட்டு வரேன்."

ஆளில்லாத குளியலறைக்குள் போய்க் குழாயை முழுக்கத் திறந்தேன். வாளி நிறைந்தது. ஒரு சொம்பு மொண்டு, ஆள் குளிக்கிற சத்தம் வரும்படி உயரத்திலிருந்து தரையில் ஊற்றினேன். கதவை விரல் அகலம் திறந்து பார்த்தேன். கிச்சு கொல்லைப் பக்கமிருந்து நிதானமாக நடந்து வந்து, கூடத்து நாற்காலியில் இருந்த ஸ்ரீவிஷ்ணுவின் காலருகே உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தூக்கக் குனிந்தான். நான் இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றினேன்.