வெறும் வயிற்றுச் சர்க்கரை

பல் தேய்ப்பதற்கு முன்னால் விரலில் ஊசி குத்திக்கொள்வது பம்பரத்துக்குப் பழகிப்போய்விட்டது. ஒரு இடத்தில் உட்காரமாட்டாள் என்று சின்ன வயதில் தம்பி வைத்த பேர் அது. கல்யாணமாகி, மகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பிய பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தச் சொட்டைப் பட்டையில் தொட்டுவிட்டு மெஷின் முணுமுணுக்கிற அந்தச் சில நொடிகூட அவளால் சும்மா நிற்க முடியாது. துடைத்த அடுப்பையே திரும்பத் துடைப்பாள். அன்றைக்குத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் சர்க்கரை எண் நேற்றைவிட ஏறியிருந்தது.

"நாசமாப் போற மெஷின்," என்று வேறு விரலில் குத்தினாள். அது இன்னும் ஒன்று கூட்டிச் சொன்னது.

விஷயம் இதுதான். தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கிறான். ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். குடும்பத்தில் பொருந்தி வந்தது அக்கா பம்பரத்துக்கு மட்டும். "எங்கிட்டதான் ரெண்டு இருக்கே, ஒன்ன எடுத்துக்கோங்க டாக்டர்," என்று பக்கத்து வீட்டுக்கு வெங்காயம் கொடுப்பதுபோலச் சொன்னவளும் அவள்தான். முதல் பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருந்தது, சர்க்கரை மட்டும் ஓரத்தில் நின்றது. சர்க்கரை நோய் என்று ஆகிவிட்டால் எடுக்க மாட்டோம், கொஞ்சம் கவனமாக இருந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

பம்பரத்திடம் போய்க் கொஞ்சம் கவனம் என்று சொல்லலாமா? சோறு போச்சு. ரொட்டி போச்சு. உருளைக்கிழங்கைக் கண்டால் பரம எதிரியைக் கண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழக்கடை இருக்கும் தெருவையே மாற்றினாள். முட்டை, கறி, கீரை, திரும்பவும் முட்டை. ஹோட்டல் சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வெளியே வருகிற வெள்ளை விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே பிடித்து, நெருங்கி, முனையோடு முனை சேர்த்து மடிக்க வேண்டும். அவள் பிடித்து இழுக்கிற வேகத்துக்கு எதிர்முனையில் நிற்கிறவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. "ஒரு துண்டு கேக்காவது தின்னுடி, நாங்க பொழச்சுக்குவோம்," என்று அங்கே கெஞ்சினார்கள். அவள் மசியவில்லை.

புடவை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனாள். சாப்பிட்ட பிறகு பார்த்தால் சர்க்கரை ஒழுங்காக இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஏற ஏற, அவள் இன்னும் குறைத்தாள். கடைசியில் இரவுச் சாப்பாட்டையும் விட்டாள். அதற்கும் ஏறியது. தின்னாத வயிற்றுக்குச் சர்க்கரை எந்த வழியாக வருகிறது என்று யோசித்து யோசித்து, உள்ள தூக்கமும் போனது.

அப்படியே போய் இரண்டாவது பரிசோதனைக்கு நின்றாள். சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கவைத்துப் பிறகு ரத்தம் எடுக்கிற பரிசோதனை. வந்த எண்ணைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இப்போதைக்கு உங்ககிட்ட எடுக்க முடியாதும்மா. எதுக்கும் டயட்டீஷியனப் பாத்துட்டுப் போங்க."

வெளியே வராந்தாவில் தம்பி மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். "அண்ணி, ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க."

கோவிச்சுக்காதீங்க என்று ஆரம்பித்த பேச்சு எதுவும் உலகத்தில் நல்லபடியாக முடிந்ததில்லை.

"குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிடுங்க. நாங்க வேற வழி பாக்கறோம். யாருக்கும் தெரியாம இனிப்பத் தின்னு சக்கரைய ஏத்திக்கிட்டு இப்படி வந்து நிக்காதீங்க. அவரு உங்களத்தான் நம்பிக்கிட்டிருக்காரு."

வேறு நாளாக இருந்தால் பம்பரம் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். வாய்ச் சண்டையில் இரண்டு தெருவுக்கு அவள்தான் ராணி. அன்றைக்கு வாயே திறக்கவில்லை. தின்னாத இனிப்புக்குப் பழி விழுந்தது வலித்தது, சந்தேகமே இல்லை. ஆனால் டாக்டர் முடியாது என்று சொன்ன அந்த நிமிஷம் நெஞ்சுக்குள்ளே ஒரு நிம்மதி பூத்ததே, அதை என்ன செய்வது? அப்பாடா, கத்தி இல்லை. அப்படி நினைத்தவள் அவளேதான். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

டயட்டீஷியன் சின்னப் பெண். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். பம்பரம் விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே. அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இத இங்க யார்கிட்டயும் சொல்லலயா?"

"யாரும் கேக்கலயே."

"மாவுச்சத்தே உள்ள போகலன்னா, இருக்கற சக்கரைய மூளைக்குன்னு உடம்பு ஒதுக்கி வெச்சுக்கும், தசை அதத் தொடாது. விடியக்காலையில கல்லீரல் வேற தன் பங்குக்கு சக்கரைய அவுத்து விடும். அதனால சில பேருக்கு வெறும் வயித்துல நம்பர் ஏறும். அப்படி இருக்கறப்ப திடீர்னு சக்கரைத் தண்ணியக் குடிச்சா, உடம்பு தெணறாம என்ன பண்ணும்?"

"அப்ப எனக்கு சக்கரை இல்லயா?"

"இல்லன்னு இப்பவே சொல்ல மாட்டேன். உங்க மூணு மாசச் சராசரி நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நாள் சோறு, ரொட்டியெல்லாம் எப்பவும்போல சாப்பிடுங்க. நான் டாக்டர்கிட்ட பேசறேன், மறுபடியும் டெஸ்ட் எடுப்போம். பாஸாயிடுவீங்கன்னுதான் எனக்குத் தோணுது."

பாஸாகிவிடுவீர்கள் என்று கேட்டு யாருக்காவது பயம் வருமா? அவளுக்கு வந்தது. பஸ்ஸில் ஏறி, ஒரு நிறுத்தத்தில் இறங்கி, நடந்து, திரும்ப வேறு பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தாள்.

வீட்டில் சொன்னபோது புருஷன் டி.வி. சத்தத்தைக் குறைத்தான். நல்ல மனுஷன், அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நீ பாட்டுக்கு முட்டையே சாப்பிட்டுக்கிட்டு இரு. யாரு வந்து பாக்கப்போறா? நம்பர் ஏறினா அவங்களே வேணாம்னு சொல்லிடுவாங்க. நாம மாட்டோம்னு சொன்னதா ஆகாது."

"அவன் என் தம்பிங்க."

"நீ என் பொண்டாட்டி. ஆபரேஷன்ல உனக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்குப் பயமா இருக்கு." சொல்லிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

அவனைத் திட்டலாம் என்றால், அவள் மனதுக்குள் ஒளித்துவைத்ததைத்தான் அவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தான். இத்தனை நாளும் தம்பிக்காகப் பட்டினி கிடக்கிறோம் என்ற நல்ல பேரும் அவளுக்குக் கிடைத்தது, ஏறுகிற எண் தப்பிக்கும் வழியையும் திறந்து வைத்தது. இனிமேல் அந்தச் சௌகரியம் கிடையாது. சாப்பிட்டால் ஆபரேஷன். சாப்பிடாவிட்டால், தம்பி மனைவி சொன்ன பழி அப்படியே நிஜம்.

சோறு வடித்தாள். தட்டில் போட்டாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், குழாய் சொட்டுகிறதா என்று பார்த்தாள், ஜன்னலைச் சாத்தினாள், புழுங்குகிறது என்று திறந்தாள். சோறு ஆறிப்போனது. சூடு பண்ணினாள். திரும்பவும் ஆறியது. கடைசியில் போனை எடுத்துத் தம்பி மனைவியைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க." குரலில் இன்னும் விறைப்பு இருந்தது.

"நான் இனிப்பு எதுவும் திங்கலடி. பட்டினி கெடந்துதான் ஏறியிருக்கு. சோறு சாப்பிட்டா எறங்கிடுமாம். இன்னொரு டெஸ்ட் வெக்கறாங்க."

"அண்ணி... நான் தெரியாம வாய விட்டுட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கறதெல்லாம் அப்புறம். நீ சொன்னதுல பாதி நெசம். முடியாதுன்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அத உங்கிட்ட சொல்லாம என்னால சோத்துல கை வெக்க முடியல. எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

தம்பி மனைவி போனை வைத்துவிட்டாளோ என்று பம்பரம் திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"எங்கிட்டயும் ரத்தம் எடுத்துப் பாக்கச் சொன்னாங்க அண்ணி, மொதல்லயே," என்றாள் தம்பி மனைவி. "பொருந்தலன்னு சொன்னாங்க. அன்னைக்கு நான் நல்லாத் தூங்கினேன்."

தம்பி மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

"இனிமேத்தான்."

"வெச்சுடாதீங்க. அப்படியே சாப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பம்பரம் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஆறின சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்று விழுங்கினாள். அடுத்த வாய்க்குக் கை தானாகவே போனது.