சிலுவையின் இடது கை

ஆரணியில் கத்தோலிக்கக் கோயிலின் நூற்றாண்டு மலர் 2003-ல் வந்தது. ‘சிலுவை வடிவில் எழுப்பப்பட்ட அரிய ஆலயம்’ என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் கொத்தனார் சவரிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிலுவையாம். வெள்ளைக்காரச் சாமியார் முதலில் கட்டியது ஒரே நீள மண்டபம். சேரி ஜனங்களோடு சேர்ந்து முழந்தாளிட மாட்டோம் என்று ஊர்க்காரர்கள் பூசைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். அதனால் சேரிக்காரர்களுக்கென்று இடப்பக்கம் ஒரு கையை இழுத்துக் கட்டி, அதற்குத் தனி வாசலும் வைத்தார். ஒற்றைக் கை பார்க்க நன்றாயில்லை என்றுதான் வலது கை பிறகு வந்தது. சவரிமுத்துவின் அப்பா சாகிறவரை வேறு வாசலை மிதித்ததில்லை.

விழாவுக்கு முன்பு ஃபாதர் அவரைக் கூப்பிட்டார். “இனிமே எல்லாருக்கும் ஒரே வாசல்தான். அந்த இடப்பக்க வாசலை அடைச்சிடுங்க.”

சவரிமுத்து கூலிகூட வேண்டாம் என்றார். ஒரு நூல் பிசகாமல், செங்கல் செங்கலாக அடைத்துப் பூசினார்.

விழாப் பூசைக்கு மனைவி எலிசாவோடு பெரிய வாசல் வழியாகவே நுழைந்தார். பேட்ஜ் குத்திய ஒருவர் மரியாதையாகவே கையைக் காட்டினார்.

“உங்க ஆளுங்கள்லாம் இடது பக்கமா உக்காந்துகினு இருக்காங்க. அங்க போயிடுங்க.”

போனார்கள். அவர் அடைத்த சுவரின் ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. புழுக்கம் தாங்கவில்லை. நூற்றாண்டு மலரை மடித்து விசிறிக்கொண்டே எலிசா மெதுவாகச் சொன்னாள்.

“வாசல் இருந்தப்போ காத்தாவது வந்துகினு இருந்துது.”