இறங்க மறுத்த நீர்மட்டம்

புதுக் கிணற்றில் மோட்டார் மூன்று நாள் நிற்காமல் ஓட வேண்டும். இறைக்க இறைக்க நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான், அந்தக் கிணற்றை நம்பி எத்தனை தெருவுக்குக் குழாய் போடலாம் என்று நீரியல் ஆய்வாளர் சொல்வாள். அவளுடைய அக்கா குடியிருப்பது கடைசித் தெருவில். அங்கே லாரி வந்தால்தான் தண்ணீர்.

முதல் நாள் மட்டம் மளமளவென்று இறங்கியது. ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கினாள். மறுநாள் இறங்குவது அப்படியே நின்றுவிட்டது. நகராட்சிப் பொறியாளர் அளவுநாடாவைத் தானே கிணற்றுக்குள் விட்டுப் பார்த்தார்.

"பாத்தீங்களா மேடம்? அசையவே இல்ல. கடைசித் தெரு வரைக்கும் தாராளமா குடுக்கலாம். உங்க அக்கா இனிமே லாரிக்காரன் மூஞ்சியில முழிக்க வேண்டாம்."

குடத்தோடு நின்ற அக்காவுக்கு வாயெல்லாம் பல். "சீக்கிரம் எழுதிக் குடுடி. இவரு மனசு மாறிடப் போறாரு."

ஆய்வாளருக்கும் கை பரபரத்தது. ஆனால் பூமிக்கு ஒரே ராத்திரியில் தாராள மனசு வந்துவிடாது. மோட்டாரிலிருந்து போகும் குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அதன் முனை தூரத்து வாய்க்காலில் கிடக்க வேண்டும். கிணற்றுக்குப் பின்னாலிருந்த மணல் குழியில் கிடந்தது. சுற்றிலும் குடங்கள்.

"யாரு இங்க மாத்திப் போட்டது?"

"நாங்கதான். வாய்க்கால்ல சும்மா ஓடுது. இங்கன்னா மொண்டுக்கத் தோதா இருக்குமேன்னு காலையில இழுத்துப் போட்டோம்," என்றாள் அக்கா.

"இது மணல்க்கா. இங்க விட்டா தண்ணி கீழ இறங்கித் திரும்பக் கிணத்துக்கே போகும். எடுத்த தண்ணியையே எடுத்துட்டு, வத்தலன்னு குதிக்கிறோம்."

பொறியாளர் பின்மண்டையைச் சொறிந்தார். "கொஞ்சம் கசிஞ்சிருக்கும். அதப் போயி எழுதணுமா?"

"கோடையில கடைசித் தெருக் குழாயத் திறந்தா காத்துதான் வரும். அப்ப உங்க வீட்டு வாசல்லதான் குடத்தோட வந்து நிப்பாங்க. பரவால்லையா?"

அவர் அளவுநாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார். அக்கா விடவில்லை. "கூடப் பொறந்தவளே கழுத்தறுத்துட்டான்னு சொல்லுவாங்கடி."

"சொல்லட்டும்."

மோட்டாரை நிறுத்தினார்கள். மட்டம் பழைய நிலைக்கு ஏறும்வரை காத்திருந்து, குழாயை வாய்க்கால்வரை இழுத்துப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை மட்டம் எங்கும் நிற்கவில்லை. பாதித் தெருக்களுக்குத்தான் தாங்கும் என்று ஆய்வாளர் எழுதினாள். கிணற்றுக்குப் பக்கத்திலிருந்து எண்ணினால் அக்காவின் தெரு அதில் வராது.

குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டிய அன்று அக்கா போன் செய்தாள்.

"வெட்டறவங்க நாலு தெருவுக்கு முன்னாலயே மண்வெட்டிய கழுவிட்டாங்க. இங்கயும் வாங்கப்பான்னு கூப்பிட்டேன். சிரிக்கிறாங்க."

"அங்கயே நிறுத்தச் சொன்னது நான்தான்க்கா."

"தெரியும்."

போனை வைத்துவிட்டாள்.