ராசுவின் டிரம்பெட்டும் தீர்மானம் எண் நான்கும்

தெய்வசிகாமணி தன் கூடப்பிறந்த அண்ணனின் சவ ஊர்வலத்தில் "இன்னொரு தபா" கேட்டவர். இந்த ஒரு தகவல் போதும், கள்ளக்குறிச்சியில் யாரும் அவரை அடையாளம் காட்டிவிடுவார்கள்.

நைனார்பாளையத்தில் நடந்தது. பாடையின் முன்பக்கத்துக்கு அவர் தோள் கொடுத்திருந்தார். முன்னால் கருணாபுரத்து பேண்டு செட். டிரம்பெட் ஊதியவர் பெயர் ராசு. மற்ற நாட்களில் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எல்லாச் சாவுக்கும் ஊதுகிற அதே சோகப் பாட்டை ஊதிக்கொண்டு வந்தவர், வாய்க்கால் திருப்பத்தில் பாட்டை அப்படியே விட்டுவிட்டு வேறெங்கோ கிளம்பிப் போனார். ஆளுக்குப் பாட்டு மறந்துவிட்டது என்று பங்காளிகள் நினைத்தார்கள். கிளாரினெட் தங்கதுரை மட்டும் பதறாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ராசு மேலே ஏறி, இடறி, அழுது, சுடுகாட்டு வரப்பில் கால் வைக்கும்போது சரியாகப் பாட்டின் கடைசி வரியில் வந்து இறங்கினார். தெய்வசிகாமணி நின்றுவிட்டார். அவர் நின்றதால் பாடையும் நின்றது. அப்போதுதான் அந்த "இன்னொரு தபா". அண்ணி இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

காரணம் ஜாஸ். சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் குமாஸ்தாவாகவும், அதைவிட அதிக நேரம் தொழிற்சங்கச் செயலாளராகவும் இருந்த காலத்தில், சிற்றலை வானொலியைத் திருகிக்கொண்டிருந்தவரை அமெரிக்காவிலிருந்து ஒரு டிரம்பெட் வந்து பிடித்துக்கொண்டது. ரேடியோவுக்கு எதிரே டேப்ரிக்கார்டரை வைத்து முந்நூற்று நாற்பது கேசட்டுகள் பதிந்தார். ஒன்றில் ஆலைச் சங்கு ஊதும். இன்னொன்றில் அவர் மனைவி நிர்மலா, உப்பு வாங்கி வந்தீர்களா என்று கேட்பார். அதெல்லாம் குறையில்லை என்பது அவர் கட்சி. இருமல் சத்தம் இல்லாத பதிவு பிரேதப் பரிசோதனை அறிக்கை என்பார்.

இப்படி அவரிடம் கருத்துகள் நிறைய. கேட்காமலே தருவார். பியானோ பண்ணையார் வாத்தியம், டிரம்பெட் சுமை தூக்குகிறவன் வாத்தியம். சங்கத்தில் சேராதவன் ஊதினால் சுருதி அரை ஸ்வரம் கம்மியாகத்தான் இருக்கும். எந்த இசைத்தட்டு உறையில் யார் யார் எந்த வாத்தியம் என்று போடவில்லையோ, அது முதலாளிகளின் சதி. அவருடைய கேசட் ஒவ்வொன்றின் முதுகிலும் எல்லாப் பெயரும் முத்து முத்தாக எழுதியிருக்கும். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த கறுப்பு மனிதர்களின் துயரம் நாற்பது வருஷமாக அவர் கண்ணில் நீர் வரவழைத்தது. வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் இருந்த கருணாபுரத்துக்குள் அவர் முதல் முதலாகக் கால் வைத்தது, ராசுவைத் தேடிக்கொண்டு போனபோதுதான். அப்போது அவருக்கு வயது அறுபது.

போனவர் சும்மா திரும்புவாரா? சங்கம் ஆரம்பித்துவிட்டார். கள்ளக்குறிச்சி வட்டார பேண்டு வாத்தியக் கலைஞர்கள் நலச் சங்கம். உறுப்பினர்கள் பதினொரு பேர், பொறுப்பாளர்கள் ஒன்பது பேர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த குற்றத்துக்காக என்னைச் சட்ட ஆலோசகர் ஆக்கினார்கள்.

சங்கத்துக்கு உண்மையாகவே ஒரு வேலை வந்தது. சின்னசேலம் ரோட்டில் கல்யாண மண்டபம் நடத்திய ஜெயப்பிரகாஷ், ஒரு வரவேற்பில் ராசுவின் செட் வாசித்ததைத் தன் செல்போனில் பிடித்து வைத்துக்கொண்டார். அடுத்த முகூர்த்தங்களுக்கு வாசலில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மட்டும் நின்றது. ராசு மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்க, ராசு ஊதியது மாப்பிள்ளைகளை வரவேற்றுக்கொண்டிருந்தது.

தெய்வசிகாமணிக்கு 1942 நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் அமெரிக்காவில் வாத்தியக்காரர்கள் சங்கம், இனி எந்த இசைத்தட்டுக் கம்பெனிக்கும் வாசிக்க மாட்டோம் என்று நிறுத்திவிட்டது. தட்டு ஓடினால் ஆளுக்கு வேலை இல்லை என்பதுதான் அங்கேயும் வழக்கு. இரண்டு வருஷத்துக்கு மேல் நீடித்தது. அந்த இரண்டு வருஷத்து மௌனம்தான் ஜாஸின் தலைசிறந்த இசைத்தட்டு என்று அவர் என் கடையில் நின்று முழங்கினார். அந்த இரண்டு வருஷத்தில் செத்துப்போனவன் வாசிப்பை எங்கே போய்க் கேட்பது என்று நான் கேட்டேன்.

"போராட்டம்னா இழப்பு இருக்கும், தமிழு" என்றார்.

தீர்மானம் எண் நான்கை நான்தான் டைப் அடித்தேன். நமது கலைஞர்கள் வாசிக்கையில் எவரும், எவ்விதக் கருவியாலும், எக்காலத்திலும் பதிவு செய்ய அனுமதி இல்லை, மீறினால் வாத்தியம் உடனடியாகக் கீழே இறக்கப்படும். அதில் "எக்காலத்திலும்" என் கைச்சரக்கு. தடித்த எழுத்தில் பார்க்க நன்றாக இருந்தது.

பதினொரு பேரும் சீருடையில் போய் மண்டபத்து வாசலில் நின்றார்கள். முகூர்த்த நாள், ஜெயப்பிரகாஷ் வழிக்கு வந்தார். போனை நீட்டினார். தெய்வசிகாமணி எல்லார் முன்னிலையிலும் ஒற்றை விரலால் அந்தப் பதிவை அழித்தார். அழித்தது போனின் குப்பைத்தொட்டிக்குள் ஒரு மாதம் கிடக்கும் என்று எடுத்துச் சொல்லி, அங்கேயும் போய் அழித்தவன் நான். லட்டு கொடுத்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டோம்.

மற்ற சங்கங்களில் தீர்மானம் போட்டதோடு சரி, யாரும் மதிப்பதில்லை. இங்கே ராசு மதித்தார். அவருடைய தொழிலுக்கு ஒருவர் சட்டம் எழுதியது அதுதான் முதல் தடவை. அதை மடித்துத் தொப்பிக்குள் வைத்திருந்தார்.

2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் என்ன செய்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு பந்தல். ராசு காலையிலிருந்து ஒவ்வொரு வாசலாக ஊதிக்கொண்டிருந்தார். எல்லாம் கூட வேலை செய்தவர்கள், கூடப் படித்தவர்கள். நாட்டில் உள்ள கேமரா எல்லாம் அந்தத் தெருவில் இருந்தது. ஒவ்வொன்றும் அவர் பக்கம் திரும்பும்போது டிரம்பெட்டை இறக்கித் தொடையோடு வைத்துக்கொண்டார். திரும்பிப் போனதும் எடுத்து ஊதினார். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று ஒரு நிருபர் கேட்டார்.

"சங்கத்துல தீர்மானம் சார்" என்றார் ராசு.

பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மறுநாள் செய்தியில், டிரம்பெட்டைத் தொங்கவிட்டபடி ஒருவர் சும்மா நிற்பது இரண்டு விநாடி வந்தது.

அடுத்த தை மாதத்தில், மண்டியில் முதுகில் மூட்டையோடு ராசு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொன்பது வயது.

ஒன்பதாம் நாள் அவர் மனைவி பாப்பாத்தி, நர்சிங் படிக்கிற மகள் இலக்கியாவோடு தெய்வசிகாமணி வீட்டுக்கு வந்தாள். நானும் இருந்தேன். நிர்மலா கொடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்த காரியத்தைச் சொன்னாள். சின்னசேலத்திலிருந்து வேறு ஒரு டிரம்பெட்காரரை அழைக்கலாம் என்று தங்கதுரை சொன்னாராம். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஊர்ல எத்தினி சாவுக்கு ஊதிக்கினு போனாரு. அவரு காரியத்துக்கு அவரு ஊதினதே கேக்கணும் சார். வேற ஒண்ணும் வோணாம்."

பழகிய எட்டு வருஷத்தில் தெய்வசிகாமணி கருத்துச் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். பாப்பாத்தி சுவரைப் பார்த்தாள். தரையிலிருந்து உத்தரம் வரை கேசட்.

"இத்தினி டப்பா இருக்குது. ஒண்ணுல கூடவா எங்க வூட்டுக்காரரு இல்ல?"

எனக்கு நம்பிக்கை இருந்தது. கொள்கை பேசுகிறவர்கள் வீட்டு பீரோவைத் திறந்தால், கொள்கைக்கு விரோதமானது இரண்டாவது தட்டில் இருக்கும். ஐம்பத்திரண்டு வருஷமாக நான் கண்டது இது. ராசு வாசித்த ஒரு கல்யாணம், ஒரு சாவு விடாமல் முன்வரிசையில் போய் நின்ற மனிதர். ஒருநாளாவது போனை அமுக்கியிருக்க மாட்டாரா? இரண்டாவது தட்டுக்கு அவர் கை போகட்டும் என்று காத்திருந்தேன். அவரை இத்தனை காலம் கிண்டல் செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கவும் தயாராக இருந்தேன்.

"வெள்ளிமலைல ஒரு கல்யாணம்மா" என்று ஆரம்பித்தார். "மேல நல்ல மழ. கரண்ட்டு போச்சு. மைக்கு இல்ல, ஒண்ணும் இல்ல. பந்தல்ல மேகம் பூந்துக்கினு ஆளுக்கு ஆள் தெரியல. ராசு ஊத ஆரம்பிச்சாரு. முக்கா மணி நேரம். அம்பது வருஷமா நான் கேட்டதுல அதுக்கு மேல ஒண்ணு கிடையாது." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "ஜோப்புல போன் இருந்திச்சி. எடுத்திருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது."

"எடுக்கலீங்களா?"

"நான் போட்ட தீர்மானம்மா."

பாப்பாத்தி அவரைத் திட்டியிருக்கலாம். தலையை ஆட்டிக்கொண்டாள். இலக்கியா என் பக்கம் திரும்பினாள். "மண்டபத்துக்காரரு போன்ல ஒண்ணு இருந்திச்சாமே அண்ணா. அழிச்சாலும் குப்பைல இருக்கும், எடுத்துடலாம்னு என் ஃபிரெண்டு சொன்னா."

குப்பையிலும் இல்லை என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த நான்கு நாளும் நாங்கள் இருவரும் அலைந்தோம். கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் எல்லாரையும் பார்த்தோம். ஒருவரிடம் ராசு ஊதுகிற காட்சி கிடைத்தது. ஆனால் வழக்கம்போல் அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார். அடியில் இருந்த சத்தத்தை அன்றைக்கே தூக்கி எறிந்துவிட்டாராம். பாப்பாத்தி சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பார்த்தாள். கன்னம் உப்புகிறது, மூன்று விரல்கள் ஏறி இறங்குகின்றன. விரலைப் பார்த்துப் பாட்டைச் சொல்ல முடியுமா என்று தங்கதுரையைக் கேட்டார் தெய்வசிகாமணி. மூன்று பித்தானுக்குள் பாட்டு இல்லை, மிச்சம் எல்லாம் உதட்டில் என்றார் தங்கதுரை.

"இங்க மூச்சு எடுப்பாரு பாரு" என்றாள் பாப்பாத்தி. திரையில் ராசுவின் தோள் ஏறியது.

பதினாறாம் நாள் காரியம். தெருவில் செட் நின்றது. உறவுக்காரர்கள் பழக்க தோஷத்தில் செல்போன்களை உயர்த்தினார்கள். செட்டும் பழக்க தோஷத்தில் வாத்தியங்களை இறக்கியது. எல்லாரும் தெய்வசிகாமணியைப் பார்த்தார்கள். சங்கத்து விதிப்படி ஒரு தீர்மானத்தை ரத்து செய்ய ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த விதியையும் அவர்தான் எழுதினார்.

"ஊதுங்கய்யா. எடுத்துக்கினு போவட்டும்" என்றார்.

அதே சோகப் பாட்டு. ராசு பாட்டை விட்டுக் கிளம்புகிற இடம் வந்ததும், தங்கதுரை எப்போதும்போல் அந்த ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்தார். டிரம் தொடர்ந்தது. அதன்மேல் வரவேண்டியவர் வரவில்லை. மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. யாரோ இருமினார்கள். ராசு போய்த் திரும்புகிற நேரம் முழுவதும் தங்கதுரை அந்த ஸ்வரத்தை விடவில்லை. மூச்சு வாங்கி மறுபடி பிடித்தார். பிறகு எல்லாரும் சேர்ந்து கடைசி வரியை வாசித்தார்கள்.

இலக்கியாவின் போனில் அது இருக்கிறது. தெய்வசிகாமணி அவளிடம் கேட்டு வாங்கி, பழைய முறைப்படி போனுக்கு எதிரே டேப்ரிக்கார்டரை வைத்து ஒரு கேசட்டில் பதிந்தார். முந்நூற்று நாற்பத்தொன்று. அவருக்கு இப்போது கை நடுங்குகிறது, கேசட்டின் முதுகில் ஒட்டும் சீட்டை என் கடையில் டைப் அடிக்கச் சொன்னார். வாத்தியம் வாரியாகப் பெயர்கள் சொன்னார். முதல் பெயரைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தேன். பிறகு அவர் சொன்னபடியே அடித்தேன்.

இருவரும் கருணாபுரத்துக்குக் கொண்டுபோனோம். அந்த வீட்டில் டேப்ரிக்கார்டர் கிடையாது. பாப்பாத்தி கேசட்டை வாங்கிச் சீட்டை மகளிடம் காட்டினாள். இலக்கியா வாசித்தாள்: "ராசு, டிரம்பெட். தங்கதுரை, கிளாரினெட்." மற்றவற்றை வாசிக்கும் முன் பாப்பாத்தி கேசட்டை வாங்கிக்கொண்டாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத யாரும் அழிச்சிட மாட்டீங்கல்ல?"

கேசட்டின் விளிம்பில் சின்னதாக இரண்டு பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. தெய்வசிகாமணி கேசட்டைக் கேட்டு வாங்கி, நடுங்குகிற கட்டைவிரல் நகத்தால் ஒன்றை உடைத்தார். இரண்டாவது அவருக்கு வரவில்லை. நான் வாங்கி உடைத்துக் கொடுத்தேன்.