‘நில்’ என்று சொல்ல வேண்டிய இடம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான்.

ஒரு சனிக்கிழமை காலை, என் மகளின் பள்ளி மைதானத்தில் மாணவர் படையின் தலைமைப் பயிற்சிக்குத் தேர்வு. வீட்டு ஆட்கள் வரலாம், நாற்காலி போட்டிருப்பார்கள் என்று மூன்று நாள் முன்பே அவள் சொல்லியிருந்தாள். அச்சகத்தில் அவசர வேலை என்று சொல்லிவிட்டேன். நான் பிழை திருத்துகிறவன். அன்றைக்கு என் மேசையில் கிடந்தது, அடுத்த மாதம் அச்சுக்குப் போக வேண்டிய ஒரு சமையல் புத்தகம். அதில் கடுகளவு அவசரமும் இல்லை.

உண்மைக் காரணத்தையும் சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மைதானத்தில் பனி இன்னும் விலகவில்லை. முப்பது ஜோடி காலணிகள்—’

அடித்துவிட்டேன். பனி இருந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் போகவில்லையே.

அடுத்தது: ‘வீரம் என்பது இரத்தத்தில்—’

இதை எழுதியது யார் கை என்றே தெரியவில்லை. எங்கள் பரம்பரையில் யாரும் ஓர் எலியைக்கூட விரட்டியதில்லை.

சரி, நடந்ததையே எழுதிவிடுகிறேன். பத்தாம் வகுப்பின் நடுவில் அவள் பள்ளி மாற வேண்டியிருந்தது. நாங்கள் இருவரும் இந்த இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்த வருடம். (அவள் அம்மா வேறொரு வீட்டில் இருக்கிறாள். அது தனிக் கதை. எழுதும் உத்தேசம் இல்லை.) நான்கு மாதம் கழித்து வகுப்பு ஆசிரியை போன் செய்தார். மதியச் சாப்பாட்டை மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். வாயே திறக்காததால் பிள்ளைகள் அவளுக்கு ‘மியூட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களாம்.

அப்படிப்பட்டவள் அதற்கு அடுத்த வாரம் மாணவர் படையில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டேன். சான்றிதழ் கிடைக்கும் என்றாள். நம்பிவிட்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

3

இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இதில் நான் மோசமானவனாகத் தெரியவில்லை, அதனால்தான் சந்தேகம்.

தேர்வு இதுதான். ஒவ்வொருவரும் முப்பது பேர் கொண்ட வரிசையை மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, தான் நின்ற இடத்திலிருந்தே, குரலால் நடத்த வேண்டும். கடைசியில், வேலிக்குப் பத்தடி முன்னால், ‘நில்’ என்று சொல்ல வேண்டும். என் மகள் அதைக் குளியலறையில் பழகினாள். எனக்குக் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவைத்துக்கொண்டாள். வாளி நிரம்பி வழியும் சத்தத்துக்கு நடுவே ஒரு மெல்லிய ‘நில்’ கேட்கும். அவள் கூச்சமில்லாமல் கத்தட்டும் என்று ஒருநாள் நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

அன்றோடு அவள் பழகுவதை நிறுத்திவிட்டாள். தன் சத்தம் எனக்குத் தொந்தரவு, அதனால்தான் ரேடியோவைக் கூட்டினேன் என்று நினைத்துக்கொண்டாளாம். இது எனக்குத் தெரிய ஒன்றரை மாதம் ஆயிற்று. ஒரே வீடு. நடுவில் ஒரு சுவர். அதுவும் மெல்லிய சுவர்.

4

தேர்வு எப்படி முடிந்தது என்று அன்று சாயங்காலம் கேட்டேன். முடிந்தது என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே மிச்சத்தை நானே எழுதினேன்: ‘வரிசை வேலியை நெருங்கியது. அவள் மார்பு நிறைய மூச்சை இழுத்தாள். அந்த ஒற்றைச் சொல் மைதானம் முழுக்க அதிர்ந்தது. அறுபது கால்கள் ஒரே காலாக நின்றன.’

நன்றாகத்தான் இருந்தது. அவளிடம் படிக்கக் கொடுத்தேன். என் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பத்தி முழுவதையும் ஒரே கோட்டில் அடித்தாள். எனக்கு இருபது வருடத் தொழில். அவ்வளவு சுத்தமாக நான்கூட அடித்ததில்லை.

“இப்படி நடக்கலப்பா,” என்றாள்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். ‘நில்’ வரவில்லை. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. வரிசை வேலிவரை போய், முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. முன்வரிசைப் பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பயிற்சி கொடுக்கும் ஆசிரியை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார், நிறுத்தச் சொல்லவில்லை. என் மகள் அத்தனை பெரிய மைதானத்தை நடந்தே கடந்து, வரிசையின் பக்கத்தில் போய், சாதாரணமாகப் பேசுகிற குரலில் ‘நில்லுங்க’ என்றாள். நின்றார்கள்.

பத்துக்கு மூன்று மதிப்பெண். மறுதேர்வு.

5

நான் ஒரு தப்பான கேள்வி கேட்டேன். இங்கே அதை நல்ல கேள்வியாக மாற்றி எழுதலாம்தான். மாற்றவில்லை.

“கத்த வேண்டியதுதானேம்மா?”

அவள் பேனாவுக்கு மூடி போட்டாள். “எங்க பாத்துக் கத்துறது? எல்லாரும் அவங்கவங்க வீட்டு ஆளப் பாத்துதான் கத்துனாங்க. நாற்காலி எல்லாம் அந்தப் பக்கம்தான் போட்டிருந்தாங்க.”

அப்போதுதான் உண்மைக் காரணத்தைச் சொன்னேன். ஜோடி ஜோடியாக வருவார்கள், நடுவில் நான் மட்டும் ஒற்றையாக உட்கார வேண்டும், யாராவது ‘வீட்டுல அவங்க வரலையா’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பயந்துவிட்டேன். நாற்பத்தாறு வயது ஆள் பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொல்லக்கூடிய காரணமா இது? சொன்னேன்.

“தெரியும்ப்பா,” என்றாள். “நானும் அதுக்குப் பயந்துதான் படியில உக்காந்து சாப்பிடுறேன்.”

(இதற்குப் பிறகு ஒரு நீண்ட பத்தி எழுதி, கிழித்துவிட்டேன். அவள் சொன்னதைவிட ஒரு சொல்கூட அதில் கூடுதலாக இல்லை.)

6

மறுதேர்வு அடுத்த சனிக்கிழமை என்று வந்தது. நான் வரட்டுமா என்று கேட்டேன்.

“வாங்க. ஆனா அத எழுதக் கூடாது.”

என்னிடம் மூன்று முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்று: குரல் வருகிறது. இரண்டு: குரல் வரவில்லை, மறுபடியும் நடந்து போகிறாள். மூன்று: குரல் வருகிறது, ஆனால் வரிசைக்குக் கேட்கவில்லை, எனக்கு மட்டும் கேட்கிறது. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. அதனாலேயே அதை நம்பாதீர்கள்.

எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: சனிக்கிழமை நான் போனேன். சீக்கிரமே போய்விட்டேன். பனி இல்லை. அவள் வரிசைக்கு முன்னால் வந்து நின்று, என்னைத் தேடி, கண்டுபிடித்து,