புல்வெளியில் மஞ்சள் துணி

வெங்கட்ராமனுக்கு வழி தெரியும். ஓமன் நாட்டுச் சலாலாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் இந்த விஷயம் தெரியும், ஏனென்றால் அவரே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். கரீஃப் மழை தொடங்கி, மலைக்கு மேலே இருக்கும் அந்தப் பெரிய மேட்டுநிலம் கண்ணுக்கெட்டிய தூரம் புல்லாகப் பச்சை பிடித்துவிட்டால் வெள்ளிக்கிழமைகளில் மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது. தலையில் தொப்பி, கழுத்தில் விசில், பின்னால் பத்துக் குடும்பங்கள். பக்கத்தில் ஒட்டகம் நின்றாலும் தெரியாத மூடுபனியில், கார்களை நிறுத்திய இடத்திலிருந்து மலை விளிம்பு அத்திமரம் வரை புல்வெளியைக் குறுக்கே கடந்து கூட்டிப் போவார். அங்கே கட்டுச்சோறு. பிறகு ஒருவர் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். போனைப் பார்க்கலாம் என்றால் மேலே சிக்னல் மாஃபி, துளியும் கிடையாது. எல்லாம் அவர் மூளைதான். பாவம், அவ்வளவு பெரிய மூளைக்கு ஷூ லேஸ் மட்டும் ஒழுங்காகக் கட்ட வராது. நாலு புதர் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும், குனிந்து கட்டிக்கொண்டே இருப்பார்.

அவர் மனைவி நீலாவுக்கு வழி தெரியாது. இதையும் அவரேதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். எப்போதோ ஒரு தடவை ஹைப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் காரை எங்கே விட்டோம் என்று அவள் தேடியிருக்கிறாள். யார்தான் தேடவில்லை? ஆனால் அந்தக் கதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி வந்துவிடும். எல்லாரும் சிரிப்பார்கள். நீலாவும் சிரிப்பாள். உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

அன்றைக்கு ஒருநாள் எரிந்தது வெளியிலேயே வந்துவிட்டது. அடுத்த வாரம் நான் முன்னால் நடக்கிறேன், எல்லாரையும் ஜும்மா தொழுகைக்கு முன் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் இந்த சீசன் முழுக்க விசில் என் கழுத்தில், பார்க்கிங் கதைக்கு கலாஸ், அதோடு முடிந்தது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். வழி தவறினால்? சாகிற வரைக்கும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன் என்றாள். வெங்கட்ராமன் விசிலைக் கழற்றி அங்கேயே கொடுத்துவிட்டார். கொடுத்தபோது சிரித்தாரே ஒரு சிரிப்பு, நீ எங்கே போய்ச் சேரப்போகிறாய் என்கிற சிரிப்பு.

மறுநாள் சனிக்கிழமை அவருக்கு டூட்டி. நீலா பக்கத்து ஃபிளாட் ஷம்சாத்தைக் கார் ஓட்டச் சொல்லி மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று பனி கொஞ்சம் விலகியிருந்தது. கையில் அவளுடைய பழைய மஞ்சள் புடவை. மூடுபனியில் மஞ்சள் நன்றாகக் கண்ணில் படும் என்று யோசித்து, அதை நீளநீளமாகக் கிழித்து, அத்திமரம் வரை புதருக்குப் புதர் கட்டிவிட்டு வந்தாள். கள்ளத்தனம்தான். நியாயம் பார்த்தால் குடும்பம் நடத்த முடியுமா?

வெள்ளிக்கிழமை வந்தது. பனியும் வந்தது, சாதாரணமாக இல்லை, முகத்தில் துண்டைப் போட்டு மூடின மாதிரி. நீலா விசிலை ஊதினாள். பின்னால் கூட்டம், கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு வெங்கட்ராமன். கூட்டத்தில் மேல் வீட்டு விஜியும் உண்டு. அவள் நீலாவோடு பேசுவதில்லை, தள்ளித் தள்ளி நடந்தாள். முதல் மஞ்சள் துணி தெரிந்தது. இரண்டாவது, மூன்றாவது. நீலா கோயில் யானை போல நிதானமாக நடந்தாள்.

நடுவெளிக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. முன்னால் மஞ்சள் துணி. வலது பக்கம் மஞ்சள் துணி. இடது பக்கம் இரண்டு. திரும்பினால் பின்னால் ஒன்று. அவள் ஒரு புடவையைத்தான் கிழித்தாள், இங்கே ஒரு ஜவுளிக்கடையே காய்ந்துகொண்டிருந்தது. ஒரு புதரின் அடியில் கல்லுக்குக் குங்குமம்கூட வைத்திருந்தார்கள்.

அந்தப் புதருக்கு எதிரில் ஓர் அம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பெயர் உமாராணி, குவைத் அப்பாசியாவிலிருந்து மழை பார்க்க வந்த குடும்பம். ஊரிலிருந்து எவ்வளவு தூரம் வந்தால் என்ன, புதரில் மஞ்சள் துணி கட்டியிருந்தால் நம்ம ஜனத்துக்கு அது வேண்டுதல்தான். யாரோ ஒருத்தி பார்த்திருக்கிறாள், தானும் ஒன்று கட்டியிருக்கிறாள், வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். ஒரே வாரத்தில் மலை நிறைந்துவிட்டது.

“ரொம்ப சக்தியாம்மா இது,” என்றாள் உமாராணி, குரலைத் தாழ்த்தி. “நாலு நாள் முன்னாடி கட்டின ஒருத்தருக்கு விசா வந்திருச்சாம். நான் எங்க வீட்டுக்காரர் டிரான்ஸ்ஃபருக்குக் கட்டறேன்.”

அது என் பழைய புடவை என்று நீலா எந்த வாயால் சொல்வாள்? நல்லது நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். எந்தப் பக்கம் நகர்வது என்றுதான் தெரியவில்லை. கூட்டம் காத்திருந்தது. வெங்கட்ராமன் பின்னாலிருந்து லேசாகச் செருமினார். அந்தச் செருமலில் பார்க்கிங் கதை முழுசும் இருந்தது. நீலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அது யாருக்கும் தெரியாதிருக்கச் சட்டென்று குனிந்தாள்.

குனிந்த இடத்தில், புதரின் அடித்தண்டில், தரையோடு தரையாக நீலக் கட்டம் போட்ட ஒரு துண்டுத் துணி கட்டியிருந்தது.

அந்தக் கட்டம் அவளுக்குத் தெரியும். திருச்சியில் அவளே பொறுக்கி எடுத்து அவருக்கு வாங்கிய லுங்கி. மொட்டைமாடியில் காயப்போட்டது, மழை தொடங்கின வாரம் காணாமல் போனது. காற்றில் பறந்திருக்கும், மேல் வீட்டுப் பால்கனியில் போய்ப் பார் என்று அவர்தான் சொன்னார். அதை நம்பி விஜியிடம் போய் வாய்ச்சண்டை போட்டு, அன்றோடு பேச்சு நின்றது. துணிக்குக் கீழே மூன்று கூழாங்கற்கள் வரிசையாக, ஒரு திசையைக் காட்டியபடி. கம்பெனி அக்கவுண்ட்ஸ் பார்க்கிற புத்தி, அடையாளம் வைத்தாலும் சுத்தமாகத்தான் வைக்கும்.

ஷூ லேஸ் ஏன் நாலு புதருக்கு ஒருமுறை அவிழ்ந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

அழுகை போன இடம் தெரியவில்லை. நீலா எழுந்தாள், கற்கள் காட்டிய பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். நாலு புதர் தாண்டிக் குனிந்தாள். இருந்தது. மறுபடி நடந்தாள், மறுபடி குனிந்தாள். மூன்றாவது தடவை குனிந்தபோது வெங்கட்ராமனுக்குப் பொறுக்கவில்லை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

“என்ன பண்றே அங்க?”

“லேஸ் கட்டறேங்க.”

“அக்கா, உங்க ஷூவுலதான் லேஸே இல்லையே,” என்றாள் ஷம்சாத்.

நீலா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவர் புதரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு இல்லாத ஒட்டகத்தைத் தேடுவது போலப் பனிக்குள் பார்க்க ஆரம்பித்தார். அத்திமரம் தவறாமல் வந்து சேர்ந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் யாரோ, சார் அந்தப் பார்க்கிங் கதை என்று எடுத்துக் கொடுத்தார்கள். சோறு ஆறிவிடும் என்றார் வெங்கட்ராமன். தயிர்சாதம் எங்கே ஆறுவது?

திரும்பும்போது கூட்டத்தைப் பேச்சோடு நடக்க விட்டு, நீலா ஒவ்வொரு புதரிலும் குனிந்து நீலத் துணியை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வந்தாள். கைக்கு எட்டிய மஞ்சளையும் அவிழ்த்தாள். உமாராணி கட்டியதை மட்டும் தொடவில்லை. டிரான்ஸ்ஃபர் விஷயம், நமக்கு எதற்கு வம்பு.

ஜும்மாவுக்கு நேரம் இருக்கும்போதே கார்கள் தெரிந்தன. எல்லாரும் கை தட்டினார்கள். நீலா விசிலை ஒருமுறை ஊதிவிட்டு, பையிலிருந்த லுங்கித் துண்டுகளைச் சுருட்டிப் புருஷன் கையில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி, விஜி தன் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

“லுங்கி கிடைச்சிருச்சுன்னு நீங்களே போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க,” என்றாள் நீலா. “வழி தெரியும்ல?”