ஒரு விரற்கடை அதிகம்

…எஸ் என்ற கோப்பைக் காணோம் என்கிறது, எஸ் என்று ஒன்றை அவள் வைக்கவே இல்லையே, இல்லாததை எங்கே போய்த் தேடித் தருவது… இசைவாணி மறுபடியும் அதே கட்டளையைத் தட்டினாள், திரையில் வெள்ளை வரிகள் மளமளவென்று ஏறின, அவை ஏறும்போதெல்லாம் நெஞ்சும் கூடவே ஏறும், இந்தத் தடவை போய்விடும் என்று தோன்றும், அப்புறம் அதே இடத்தில் நின்றுவிடும். கடலூர் முதுநகரில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது இன்றைக்கு எப்படியும் என்றுதான் நினைத்தாள், மீட்டர்கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு ரயில் இல்லை, பேருந்தில் நின்றபடியே சிதம்பரம் வரைக்கும் அந்த எஸ்ஸைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். பேராசிரியர் ஞானசேகரன் சார் சாப்பிட்டுவிட்டுக் கணினிக்கூடத்துக்கு வருவார், அவளும் வகுப்புத் தோழி வினோதினியும் ஒரு பந்து துள்ளுவதை ஓட்டிக் காட்ட வேண்டும், ஒருத்தியைத்தான் ஆய்வுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வார். கடலூர்த் துறைமுக வாயில் மணல் எப்படித் தூர்கிறது என்று கணினிக்குள் மணலைக் கொட்டிப் பார்க்கும் திட்டம், அந்த மணலை அவள் சின்ன வயதிலிருந்து மிதித்திருக்கிறாள், வினோதினி மிதித்திருப்பாளா, குமராட்சியில் ஏது கடல்… கிடைக்காவிட்டால் ஜூனில் பி.எட்., அப்பா முடிவு செய்துவிட்டார். வினோதினிக்கு நிரல் ஓடிவிட்டது. போன வாரமே ஓடிவிட்டது.

அதற்கான இயற்பியல் மென்பொருளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், அதுதான் அவளுக்கு முதலில் பிடித்தது. விலைக்கு வாங்குவது வடித்த சோறு மாதிரி, இது அரிசியாகவே வரும், நம் கணினியில் நாமேதான் வடித்துக்கொள்ள வேண்டும், அதைத்தான் கம்பைல் என்கிறார்கள், அரிசி நல்ல அரிசிதான், அவள் உலையில்தான் வேகமாட்டேன் என்கிறது. சந்தேகம் வந்தால் கேட்க ஒரு மின்னஞ்சல் குழு இருக்கிறது, எழுதினால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ அதை உருவாக்கியவர்களே பதில் போடுவார்கள், வினோதினி எழுதினாள், பதில் வந்தது, ‘அன்புள்ள வினோதினி’ என்று ஆரம்பித்து, நல்ல கேள்வி என்று வேறு ஒரு வரி. சார் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். இசைவாணியும் கேட்டிருக்கலாம், எஸ் என்றால் என்ன என்று ஒரே ஒரு வரி போதும், ஆனால் அந்தக் குழுவில் வினோதினியும் இருக்கிறாளே, படிப்பாளே, இவளுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று… படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பாள், அதுதான் தாங்காது. அதனால் கடலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மற்றவர்களின் பழைய கேள்விகளை மட்டும் படித்தாள், பக்கத்து வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியாகக் கேட்பது போல.

“என்னாடி இசை, இன்னுமா அதையே உருட்டிக்கினு இருக்க?” வினோதினிதான், தோளுக்குப் பின்னால் நின்றாள், கையில் பாதி கடித்த கொய்யா. திரையை மறைக்கலாமா என்று இசைவாணிக்கு ஒரு கணம் தோன்றியது, அதற்குள் அவள் குனிந்து படித்துவிட்டாள், படித்துவிட்டுச் சிரித்தாள். “ஃபோல்டருக்கு இன்னா பேரு வச்சிருக்க?” என்ன வைப்பார்கள், அவரவர் பேரில் ஒன்று போடச் சொன்னார்கள், வருகைப் பதிவேட்டில் இருக்கிற மாதிரி எஸ், ஓர் இடைவெளி, இசைவாணி. “அதான். நடுவுல இடம் உட்டியா, அது ரெண்டு பேருன்னு நெனச்சிக்கினு மொதல்ல எஸ்ஸத் தேடுது. உங்கப்பா சடையப்பனத் தேடுதுடி, காணோமாம். நான் வெறும் வினோன்னுதான் வச்சேன். சேத்து எழுது, ஓடும்.” கொய்யாவை நீட்டினாள், இசைவாணி வேண்டாம் என்று தலையாட்டினாள், நன்றி என்று சொன்னாளா, சொல்லவில்லை போலிருக்கிறது. இவ்வளவுதானா, இந்த ஒரு இடைவெளிக்கா இத்தனை நாள்… இவளும் இனிஷியலோடு எழுதியிருந்தால் இவளுக்கும் நின்றிருக்குமே, கெட்டிக்காரத்தனமா இது, சோம்பேறித்தனம், சோம்பேறித்தனத்துக்கு வந்த அதிர்ஷ்டம்… ஆனால் ஏன் சொன்னாள், சார் வருகிற நேரம், சொல்லாமலே இருந்திருக்கலாமே, ஒரு கணம் யோசித்த மாதிரிகூடத் தெரியவில்லையே. தன்னைப் போட்டி என்றே அவள் நினைக்கவில்லையோ…

சேர்த்து எழுதினாள். வரிகள் நிற்காமல் ஓடி முடிந்தன, ஒரு பந்து விழுந்து தரையில் மோதி எழுந்தது, மோதும்போது சக்தியே வீணாகாத தரையாகச் செய்யச் சொல்லியிருந்தார் சார், விட்ட உயரத்துக்கே வர வேண்டும், வந்தது, மறுபடியும் வந்தது. சந்தோஷப்பட வேண்டும், கண் என்னவோ பக்கத்துத் திரைக்குத்தான் போனது, அங்கே வினோதினியின் பந்தும் துள்ளிக்கொண்டிருந்தது, ஆனால்… ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை அதிகமாக. கணினிக்கு விழுவது என்றால் என்னவென்று தெரியாது, அது காலத்தைத் துண்டுதுண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் பந்து எங்கே என்று கணக்குப் போடும், துண்டு பெரிதாக இருந்தால் பந்து தரைக்குள் ஆழமாகப் புகுந்த பிறகுதான் அதற்குத் தெரியும், பதறிப்போய்த் தேவைக்கு மேல் வெளியே தள்ளும், பந்து இல்லாத சக்தியோடு எழும். ஒரு பந்தில் ஒரு விரற்கடை, ஆயிரம் மணல்துகளைக் கொட்டினால் மேடே வெடித்துச் சிதறும். துண்டைச் சின்னதாக்கினால் போதும், ஸ்டெப் என்கிற ஒரே ஒரு எண். வினோ, ஸ்டெப் கொஞ்சம் பெருசா இருக்குதுடி, பந்து ஏறிக்கினே போவுது பாரு… மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. வினோதினி கொய்யாவின் கடைசித் துண்டை மென்றுகொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அறையில் வேறு யாரும் இல்லை, சொல்லலாம், கை கழுவிவிட்டு வரட்டும், கழுவிவிட்டு வந்தாள், சரி உட்காரட்டும், உட்கார்ந்தாள்… சொன்னால் நன்றி சொல்வாள், சிரித்துக்கொண்டே, எத்தனை லேசாகச் சொல்வாள்.

கதவு திறந்தது, ஞானசேகரன் சார். இசைவாணியின் பந்தைப் பார்த்தார், “வந்துடுச்சா, நல்லது” என்றார், அவ்வளவுதான், வினோதினியின் பக்கம் நகர்ந்தார். “ஓட்டும்மா.” பந்து துள்ளியது. கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது, அவருக்கு விரற்கடை தெரியவில்லை, “பிரமாதம், மணலப் போட்டுரலாமா?” என்றார்.

“வினோ, ஸ்டெப் கொஞ்சம் பெருசா இருக்குதுடி, பந்து ஏறிக்கினே போவுது பாரு.”

மனதுக்குள் சொல்லிப் பார்த்த அதே வார்த்தைகள், ஓர் எழுத்துகூட மாறவில்லை, நட்பாகத்தான் சொன்னாள், ‘டி’கூடப் போட்டுத்தான் சொன்னாள். சார் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு திரையை நெருங்கினார், “அட, ஆமா” என்றார். வினோதினி திரையைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தாள். “இப்பதான் பாத்தியா?” கோபமில்லாமல்தான் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான், ஒரு சொல், யாருக்குத் தெரியப்போகிறது, உதவிதானே செய்தாள், தப்பைத் தப்பு என்று சொல்வது உதவிதானே… ஆனால் வாய் திறந்தபோது இசைவாணிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது, வினோ என்று கூப்பிட்டு அத்தனையையும் சொல்லி முடிக்கிறவரை, அவள் கண் ஒரு தடவைகூட வினோதினியின் பக்கம் போகவில்லை, சாரின் முகத்திலேயே இருந்தது…